பேச்சுக் கம்பியும் கட்டளைக் கம்பியும்

தொலைபேசியின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர், அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876-ஆம் ஆண்டில் பெற்ற காப்புரிமையிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் இன்று அந்தக் கருவியைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஒருவர் பேச்சை மற்றொருவர் செவியில் கொண்டு சேர்ப்பது ஒரு வேலை. இன்னாரை இன்னாரோடு இணைத்துவிடு என்று கட்டளையிடுவது வேறொரு வேலை. இவ்விரண்டும் ஒரே கம்பியில் செல்லலாமா, தனித்தனியே செல்லவேண்டுமா என்னும் வினாவுக்குப் பொறியியலறிஞர் நூறாண்டுக் காலமாக விடை தேடி வந்திருக்கின்றனர். இணையத்தைக் கையிலேயே வைத்திருக்கும் மாணவ மாணவியர் இதைப் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டா. உங்கள் கைக்கருவி ஒருநாள் திடீரென்று ஊமையாகிவிடுமானால், அதன் காரணம் பெரும்பாலும் இவ்வினாவுக்குள்ளேதான் இருக்கும்.

முதல் வணிகத் தொலைபேசி இணைப்பகம் 1878-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் அமெரிக்காவில் நியூஹேவன் நகரில் திறக்கப்பெற்றது. எக்ஸ்சேஞ்ச் என்று நாம் வழங்கும் இவ்விடங்களில் முதலில் மனிதரே வேலை செய்தனர். வேண்டிய எண்ணைச் சந்தாதாரர் வாயால் சொல்வார். பலகையின்முன் அமர்ந்திருக்கும் பெண்மணி கயிறு போன்ற கம்பியொன்றை எடுத்து உரிய துளையிலே செருகுவார். டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்காகக் காத்திருந்த தலைமுறை நம் நாட்டிலும் உண்டு. நானும் அத்தலைமுறையைச் சேர்ந்தவனே.

பெருநகரங்களில் இணைப்பகங்கள் பெருகியபோது, ஓர் இணைப்பகத்துப் பெண்மணி மற்றோர் இணைப்பகத்துப் பெண்மணியோடு பேசவேண்டியதாயிற்று. அதற்கென்றே தனிக் கம்பி ஒன்று போட்டனர். அதற்குக் கட்டளைக் கம்பி என்று பெயர். முதற்பலகைக்காரர் ஒரு பொத்தானை அழுத்தி, வேண்டிய எண்ணை அக்கம்பியிலே சொல்வார். எதிர்ப்பலகைக்காரர் இத்தனையாவது தடத்தில் இணைத்துக்கொள்க என்று விடை தருவார். சந்தாதாரரின் பேச்சு அந்தத் தடத்திலே செல்லும். கட்டளைக் கம்பியில் சந்தாதாரரின் குரல் ஒருபோதும் ஏறுவதில்லை. ஏட்டறிவைவிட வேலையறிவு மிகுந்தவர்கள் தொடக்கத்திலேயே கண்டுகொண்ட பிரிவினை இது என்றே நான் கருதுகிறேன். பின்வந்த இயந்திரங்கள் இதை மறந்தன.

ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் கான்சாஸ் நகரில் ஈமச் சடங்குத் தொழில் நடத்தியவர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பகத்தார் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகின்றனர் என்று சினந்து, மனிதரில்லாத இணைப்பகத்தைக் கண்டுபிடிக்க முனைந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், 1891-ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றதும், 1892 நவம்பர் 3-ஆம் நாள் இண்டியானா மாநிலத்து லாபோர்ட் என்னும் ஊரில் முதல் தானியங்கி இணைப்பகம் திறக்கப்பட்டதும் வரலாறு. பிற்காலத்தில் சுழல்முகப்பு வந்தபின் அம்முறை முழு வடிவம் பெற்றது. எண் ஏழைச் சுழற்றினால் ஏழு மின்துடிப்புகள் கம்பியில் செல்லும். இணைப்பகத்திலுள்ள தண்டு ஏழு படி மேலே ஏறும். அடுத்த எண் மூன்றானால் அதே தண்டு மூன்று படி பக்கவாட்டில் திரும்பும். பத்து நிலை, நிலைக்குப் பத்து இடம், ஆக நூறு இணைப்பு. கட்டளையை ஏற்று நகர்ந்த தண்டே பிறகு பேச்சையும் சுமக்கும். அழைப்பு முடியும்வரை வேறு எவருக்கும் அது பயன்படாது. ஏவலாளும் சுமையாளும் ஒருவரே என்றாயிற்று.

இதன் வீண்செலவை உணர்ந்த பெல் நிறுவனத்தார், 1938-இல் குறுக்குக்கம்பி இணைப்பகம் என்னும் கிராஸ்பாரை முழு அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். அதில் மார்க்கர் என்றொரு கருவி, ஓர் அழைப்புக்கு வழி தேடித்தரும் வேலையை ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் முடித்துவிட்டு, அடுத்த அழைப்பைக் கவனிக்கப் போய்விடும். பேச்சுப்பாதை மட்டும் நிலைத்திருக்கும். சில மார்க்கர்களே பல்லாயிரம் சந்தாதாரருக்குப் போதுமானவையாயின. ஆக, ஓர் இணைப்பகத்தின் சுவர்களுக்குள்ளே பிரிவினை மீண்டுவிட்டது. ஆனால் நகரத்துக்கும் நகரத்துக்கும் இடையே அது மீளவில்லை. வினை அங்கேதான் விளைந்தது.

1951-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள், நியூஜெர்சி மாநிலத்து எங்கிள்வுட் நகரத் தலைவர், கண்டத்தின் மறுகோடியில் கலிபோர்னியாவின் அலமேடா நகரத் தலைவரை எவர் உதவியுமின்றித் தாமே எண் சுழற்றி அழைத்தார். இணைப்புக் கிடைக்க ஏறத்தாழ 18 விநாடி ஆயிற்று. அக்காலத்தில் அது பெரிய வியப்பு. இந்த நெடுந்தொலைவுத் தடங்களில் கட்டளைகள் எவ்வாறு சென்றன? ஒலியாகவே சென்றன. தடம் ஓய்ந்திருக்கையில் விநாடிக்கு 2600 அதிர்வுள்ள ஒரு சீழ்க்கையொலி அதில் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒலி நின்றால் தடத்தை ஒருவர் எடுத்துக்கொண்டார் என்று பொருள். மீண்டும் ஒலித்தால் அவர் பேசி முடித்தார் என்று பொருள். வேண்டிய எண்ணைத் தெரிவிக்க, ஆறு சுரங்களில் இரண்டிரண்டைச் சேர்த்து ஒலிப்பர். இவையனைத்தும் மனிதர் பேசும் அதே தடத்திலே, மனிதர் செவிக்குக் கேட்கும் எல்லைக்குள்ளேயே நிகழ்ந்தன.

இதைச் செய்தவர்களை அறிவிலிகள் என்று எண்ணிவிடக் கூடாது. தனிக் கம்பி வேண்டாத முறையாதலின் செலவு குறைவு. அன்றியும், கட்டளை ஒலி மறுமுனையை எட்டினால், பேச்சும் எட்டும் என்பதற்கு அதுவே சான்றாகும். தடத்தைத் தனியே சோதிக்க வேண்டுவதில்லை. நல்ல காரணங்கள்தாம். பேசுவோரே அவ்வொலியை எழுப்பினால் என்னாகும் என்பதைத்தான் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழே 1954-இலும் 1960-இலும் இம்முறைகளை விளக்கிக் கட்டுரைகள் வெளியிட்டது. கல்லூரி நூலகங்களில் அவை எவர் கைக்கும் கிடைத்தன.

ஜோ எங்ரெசியா என்னும் பார்வையற்ற சிறுவர், தொலைபேசியில் வாயால் சீழ்க்கையடித்தபோது இணைப்பு அறுந்துபோவதைச் சிறு வயதிலேயே கவனித்தார். அவருக்குச் சுரஞானம் அத்துணைத் துல்லியமாக இருந்தது. தின்பண்டப் பெட்டியில் இலவசமாக வந்த விளையாட்டு ஊதல் ஒன்றும் அதே 2600 அதிர்வை எழுப்பியது. அதனால் புகழ்பெற்றவர் ஜான் டிரேப்பர். இவர்களும் இவர்களைப் போன்றோரும் செய்தது இதுதான்: கட்டணமில்லா எண் ஒன்றை அழைப்பர். தடம் கிடைத்ததும் 2600 அதிர்வை ஒலிப்பர். தொலைவிலுள்ள இணைப்பகம், அழைத்தவர் வைத்துவிட்டார் என்று நினைத்து இணைப்பைத் துண்டித்துவிட்டுப் புதிய எண்ணுக்காகக் காத்திருக்கும். உடனே ஆறு சுரக் கலவையால் உலகின் எந்த எண்ணையும் ஒலிப்பர். கட்டணம் கணக்கிடும் இயந்திரமோ, இன்னும் அந்தக் கட்டணமில்லா அழைப்பே நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும். இச்சுரங்களை எழுப்பும் கருவிக்கு நீலப்பெட்டி என்று பெயர் வழங்கிற்று. 1971 அக்டோபரில் எஸ்கொயர் இதழ் இதைப் பற்றி நெடிய கட்டுரை வெளியிட்டது. அதைப் படித்து நீலப்பெட்டி செய்து விற்ற இளைஞர் இருவரே, பின்னாளில் ஆப்பிள் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஸ்டீவ் ஜாப்ஸும். களவைக் களவென்றே சொல்லவேண்டும். ஆசிரியத் தொழில் செய்த நான் வேறு விதமாகச் சொல்ல முடியாது. ஆயினும் திறவுகோலைப் பூட்டிலேயே விட்டுவிட்டுத் தெருவில் போவோரை நொந்துகொண்ட நிறுவனத்தாரையும் முற்றும் குற்றமற்றவர் என்று சொல்ல இயலவில்லை.

மருந்து 1976-இல் வந்தது. அவ்வாண்டில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகருக்கும் சிக்காகோ நகருக்கும் இடையே, கட்டளைகளுக்கென்றே தனி இணைப்பொன்று செயற்படத் தொடங்கியது. விநாடிக்கு 2400 பிட் வேகமுள்ள அவ்வோர் இணைப்பு, பல நூறு பேச்சுத் தடங்களுக்குரிய கட்டளைகள் அனைத்தையும் சுமந்தது. பேசுவோரின் ஒலி இனி எக்கட்டளையையும் தொட முடியாது. பழைய பெண்மணிகளின் கட்டளைக் கம்பி கணிப்பொறி வடிவில் மீண்டது என்றே இதைச் சொல்லலாம். 1980-இல் ஏழாம் எண் சமிக்ஞை முறை என்ற பெயரோடு உலகப் பொதுத் தரமும் வகுக்கப்பட்டது. தடம் நன்றாக உள்ளதா என்று இப்போது தனியே சோதிக்க வேண்டியதாயிற்று. முன்பு இனாமாகக் கிடைத்த சான்று போய்விட்டதல்லவா? ஆனால் வேறொரு நன்மை எதிர்பாராமல் வந்தது. அழைப்பை எங்கே அனுப்புவது என்பதைப் பேச்சுத் தடம் எதையும் பிடிக்காமலே, தொலைவிலுள்ள ஒரு பொதுக் கணிப்பொறியிடம் கேட்டறிய முடிந்தது. கட்டணமில்லா எண்கள் 1981 முதல் அமெரிக்காவில் இவ்வாறே நடத்தப்பட்டன.

இத்துடன் சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தவர்களுக்கு 1990 ஜனவரி 15-ஆம் நாள் ஒரு பாடம் கிட்டியது. நியூயார்க்கிலிருந்த ஏ.டி. அண்டு டி. நிறுவனத்து இணைப்பகம் ஒன்று, சிறு கோளாறு காரணமாகத் தன்னைத்தானே சில விநாடி நிறுத்திச் சரிசெய்துகொண்டது. மீண்டும் வேலைக்கு வந்ததைக் கட்டளை வலையின் வழியே பிற இணைப்பகங்கள் அறிந்தன. அச்செய்தியைக் குறித்துக்கொண்டிருக்கையில், விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் இரண்டாம் செய்தி வந்துவிட்டால், அவற்றின் மென்பொருளில் தவறான இடத்தில் எழுதப்பட்டிருந்த ஒரே ஒரு கட்டளைச் சொல் அவற்றையும் தடுமாற வைத்தது. அவையும் நின்று, மீண்டு, தம் அயலாரைத் தடுமாறச் செய்தன. 114 இணைப்பகங்கள் இவ்வாறு மாறி மாறி விழுந்தெழுந்தன. நெடுந்தொலைவு அழைப்புகளில் பெரும்பகுதி ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் தடைப்பட்டது. பேச்சுத் தடங்களில் ஒன்றும் அறவில்லை. கட்டளையைத் தனியே பிரித்ததனால், நோயும் கட்டளை வழியே அத்துணை விரைவில் பரவ முடிந்தது.

இனி இணையத்தின் பக்கம் திரும்புவோம். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969 அக்டோபர் 29-ஆம் நாள் முதற்செய்தியை அனுப்பிற்று. அதன் முறையே வேறு. செய்தியைச் சிறு பொட்டலங்களாக்கி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி, சந்திகளில் உள்ள சிறு கணிப்பொறிகள் வழியே அனுப்புவர். அச்சந்திக் கணிப்பொறிகள், எந்த வழி திறந்திருக்கிறது, எது நெரிசலானது என்பதைத் தமக்குள் அறிவித்துக்கொள்ளும். அவ்வறிவிப்புகளும் பொட்டலங்களே, ஒரே கம்பியில், ஒரே கணிப்பொறியின் உழைப்பில் அவை நடந்தன.

1980 அக்டோபர் 27-ஆம் நாள் ஆர்ப்பாநெட் முழுவதும் பல மணி நேரம் செயலற்றுப் போயிற்று. காரணம் மாணவர்க்குச் சுவையான கணக்கு. ஒவ்வோர் அறிவிப்புக்கும் வரிசை எண் உண்டு. 0 முதல் 63 வரை சென்று மீண்டும் 0-க்கு வரும், கடிகார முகம் போல. எது புதியது என்பதை, வட்டத்தில் எது முன்னே நிற்கிறது என்று பார்த்துத் தீர்மானிப்பர். அன்று 44 என்னும் எண்ணுடைய அறிவிப்பு ஒன்று கோளாறுற்ற கருவியில் ஒரு பிட் உதிர்ந்து 40 ஆயிற்று. மேலும் ஒரு பிட் உதிர்ந்து 8 ஆயிற்று. இரும எண்ணில் எழுதிப் பார்த்தால் 101100, 101000, 001000 என்று வரும். வட்டத்தில் 40-ஐவிட 44 புதியது. 44-ஐவிட, சுற்றிவந்த 8 புதியது. அக்காலத்து விதிப்படி 8-ஐவிட 40 புதியது! மூன்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வலையெங்கும் ஓயாமல் சுழன்றன. அறிவிப்புகளுக்கே முதலிடம் என்பது விதியாதலின், சந்திக் கணிப்பொறிகள் இந்த வெற்று வேலையிலேயே தம் ஆற்றல் முழுவதையும் செலவிட்டன. மக்களின் செய்திகளைத் தொட அவற்றுக்கு நேரமில்லை. எரிக் ரோசன் என்னும் பொறியியலறிஞர் 1981-இல் எழுதிய விளக்கம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. கல்லூரி மாணவர் அதைத் தேடிப் படிக்கலாம். நோய் நாடி நோய்முதல் நாடும் முறைக்கு அதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

1990-களில் இணையம் வணிகர் கைக்கு வந்து வீங்கியபோது இதே நோய் வேறுருவில் தோன்றிற்று. ரௌட்டர் எனப்படும் வழிப்படுத்திகள் பலவற்றில், வழி கற்பதும் பொட்டலம் கடத்துவதும் பெரும்பாலும் ஒரே செயலியின் பொறுப்பிலிருந்தன. வழிமாற்ற அறிவிப்புகள் பெருகும்போது செயலி திணறும்; அயலாரின் நலம் விசாரிப்புக்கும் விடை சொல்லாது. இவர் இறந்துவிட்டார் என்று அயலார் அறிவிப்பர். அதனால் மேலும் அறிவிப்புகள் எழும். லபோவிட்ஸ், மலான், ஜஹானியன் ஆகிய மூவர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இப்புயலை விரிவாக எடுத்துரைத்தது.

பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை போடுவது தலைமையாசிரியர் வேலை. அட்டவணை சுவரில் ஒட்டப்பட்டபின், ஒவ்வொரு மணிக்கும் ஆசிரியர் அவரிடம் வந்து எந்த வகுப்பு என்று கேட்பதில்லை. தலைமையாசிரியர் ஒருநாள் விடுப்பெடுத்தாலும் பாடம் நடக்கும். 1998 செப்டம்பரில் ஜூனிப்பர் நிறுவனம் வெளியிட்ட எம்-40 என்னும் வழிப்படுத்தி செய்தது இதைத்தான். நம் நாட்டில் பிறந்த பிரதீப் சிந்து 1996-இல் தோற்றுவித்த நிறுவனம் அது. வழி கற்கும் பகுதி ஒரு தனிக் கணிப்பொறி. ஜூனோஸ் என்னும் இயக்க முறைமை அதில் ஓடும். அது அட்டவணையைத் தீட்டிக் கொடுக்கும். பொட்டலம் கடத்தும் பகுதி தனிச் சில்லுகளால் ஆனது. அட்டவணையைப் பார்த்து விநாடிக்கு 4 கோடிப் பொட்டலங்களைக் கடத்தும். முன்னதில் எத்தனை அமளி நடந்தாலும் பின்னதன் வேலை தடைப்படாது. வலையமைப்புக் கருவிகளின் இயக்க முறைமைகளில் இப்பிரிவினை அதன்பின் பொதுவழக்கமாயிற்று.

சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு மூளை எதற்கு? பல பெட்டிகளுக்கும் வெளியே ஒரு பொது மூளை இருந்தால் என்ன? 2007-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கசாடோவும் அவர்தம் ஆசிரியர்களும் ஈத்தேன் என்னும் சோதனை வலையை நிறுவி, ஏறத்தாழ 300 கணிப்பொறிகளை இவ்வாறு ஆண்டு காட்டினர். 2008-இல் பெட்டிகளுக்கு அட்டவணையை எழுதியனுப்பும் மொழியாக ஓப்பன்ஃப்ளோ வந்தது. அதே ஆண்டில் நாக்ஸ் என்ற மென்பொருளை வெளியிட்டவர்கள் அதை வலையமைப்புக்கான இயக்க முறைமை என்றே அழைத்தனர். ஒரு கணிப்பொறியின் இயக்க முறைமை நினைவகத்தையும் வட்டையும் மறைத்து நிரல் எழுதுவோர்க்கு எளிய தோற்றம் காட்டுவது போல, இது நூற்றுக்கணக்கான பெட்டிகளை மறைத்து ஒரே வலையாகக் காட்டும். கூகுள் நிறுவனம் தன் தரவு நிலையங்களுக்கிடையே இம்முறையில் நடத்திய வலையைப் பற்றி 2013-இல் அறிக்கை வெளியிட்டது. அத்தகைய நெடுந்தொலைவு இணைப்புகளை மற்றையோர் 30 முதல் 40 விழுக்காடே பயன்படுத்துவது வழக்கமாயிருக்க, தன் இணைப்புகள் பலவற்றை ஏறத்தாழ முழு அளவுக்குப் பயன்படுத்த முடிந்ததாக அது தெரிவித்தது. ஓப்பன்ஃப்ளோ என்னும் மொழி அதன் ஆசிரியர் நினைத்த அளவு பரவவில்லை. கருத்து மட்டும் நிலைத்தது.

ஆயினும் நான் இளைஞர்க்கு எடுத்துச் சொல்ல விரும்புவது வேறொரு நிகழ்ச்சி. 2022 ஜூலை 8-ஆம் நாள் விடியற்காலையில், கனடாவின் ராஜர்ஸ் நிறுவனத்தார் தம் வலையின் நடுப்பகுதியைச் செப்பனிடுகையில் ஒரு வழி வடிகட்டியை நீக்கினர். வழி அறிவிப்புகள் வெள்ளமாகப் பாய்ந்து நடுவண் வழிப்படுத்திகளை வீழ்த்தின. 1 கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் தொலைபேசியும் இணையமும் இழந்தனர். நாடு முழுவதும் கடைகளில் அட்டையால் பணம் செலுத்த இயலவில்லை. உயிர் போகும் வேளையில் அழைக்கும் 911 என்னும் எண்ணும் அவ்வாடிக்கையாளர் பலர்க்குக் கிட்டவில்லை.

பழுதைச் சரிசெய்ய வேண்டிய பொறியியலாளர் நிலை என்ன? வழிப்படுத்திகளுக்குள் நுழைந்து கட்டளையிடுவதற்கான மேலாண்மை வலையும் அதே நடுவண் வலையின் மேல்தான் அமைந்திருந்தது. அது விழுந்ததும் இதுவும் விழுந்தது. அவர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேச நம்பியிருந்த கைபேசிகள் பலவும் தம் நிறுவனத்தின் கைபேசிகளே. கதவு உடைந்தபோது தச்சனின் உளி உள்ளே அகப்பட்டுக்கொண்டது போலாயிற்று. எந்த மாற்றத்தால் வந்த வினை என்று கண்டறியவே ஏறத்தாழ 14 மணி நேரம் கழிந்தது. சேவை திரும்ப ஒரு நாளுக்கும் மேலாயிற்று. பெட்டிகளின் உள்ளே கட்டுப்பாடும் கடத்தலும் ஒழுங்காகப் பிரிக்கப்பட்டிருந்த காலம் அது. பெட்டிகளை அடையும் பாதையைப் பிரிக்க மறந்தார்கள். 1951-இல் பெல் நிறுவனத்தார் மறந்தது போலவே.

அதன்பின் கம்பிவழிச் சேவைக்கும் கம்பியில்லாச் சேவைக்கும் தனித்தனி நடுவலை அமைக்கக் குறைந்தது 25 கோடிக் கனடிய டாலர் செலவாகும் என்று அந்நிறுவனத்தின் தலைவர் அறிவித்தார். மேலாண்மைக்கென்று, மக்களின் செய்தி எதுவும் செல்லாத தனி வலையொன்றையும் அமைக்கத் தொடங்கினர்.